பாறைச் சரிவில் ஒரு மேடை
ஊரார் நாடகம் – பகுதி 6

சென்ற பகுதியில் பார்த்த ஸ்டாக்போர்ட் காரிக் குழு 1901இல் ஓர் ஆலை நகரத்தில் பிறந்தது. நடிக்கவும் பார்க்கவும் ஆட்கள், வாடகைக்குக் கட்டடம், போய்வர ரயில் எல்லாம் அந்த ஊரில் இருந்தன. இந்த முறை அவற்றில் பாதிகூட இல்லாத ஓரிடத்துக்குப் போகிறோம்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது கார்ன்வால். அதன் கடைக்கோடியான லேண்ட்ஸ் எண்ட் முனைக்கு ஆறேழு கிலோமீட்டர் இப்பால் போர்த்கர்னோ என்ற சிற்றூர். கடைவீதி பார்க்க வேண்டுமானால் பதினான்கு கிலோமீட்டர் போய் பென்சான்ஸில்தான் பார்க்க வேண்டும். கருங்கல் முனைகளுக்கு நடுவே ஒடுங்கிய ஒரு வெண்மணல் கரை, மேலே காற்றுக்குக் குனிந்த முட்புதர்கள், ஆங்காங்கே கல் வீடுகள். அவ்வளவுதான் ஊர்.

ஆனாலும் உலகம் இந்த ஊரை அறிந்திருந்தது, நாடகத்தால் அல்ல, தந்தியால். பிரிட்டனை பம்பாயோடு இணைத்த கடலடித் தந்திக் கம்பி 1870இல் கரையேறியது இந்த மணலில்தான். அடுத்த சில மாதங்களில் சென்னையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கம்பி இறங்கியது. அந்தக் காலத்தில் சென்னையிலிருந்து கடல்வழியாக லண்டனுக்குப் போன தந்திகள் போர்த்கர்னோவைத் தொட்டுத்தான் போயின. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்து பதினான்கு கம்பிகள் இங்கே வந்து முடிந்தன. உலகத்திலேயே பெரிய கடலடித் தந்தி நிலையம் என்று பெயர் வந்தது. இந்தக் கம்பிகள் நம் கதையில் இன்னொரு முறை குறுக்கிடும்.

நாடகக் கதை தொடங்குவது 1929இல். போர்த்கர்னோவிலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தொலைவில் கிரீன் என்ற இடம். அங்கே மரங்கள் சூழ்ந்த ஒரு புல்வெளியில் அக்கம்பக்கத்து ஊரார் சேர்ந்து ஷேக்ஸ்பியரின் 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தைப் போட்டார்கள். திறந்தவெளி, சம்பளம் வாங்காத நடிகர்கள், உள்ளூர் ரசிகர்கள். கூட்டம் கொண்டாடியது. 1930இல் அதே நாடகத்தை மறுபடியும் போட்டார்கள்.

ஊரார் நாடகத்துக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைப்பது அரிது. அந்த நாடகத்துக்குள்ளேயே ஓர் அமெச்சூர் குழு இருக்கிறது. தச்சர் க்வின்ஸ், நெசவாளி பாட்டம், துருத்தி பழுது பார்க்கும் ஃப்ளூட், ஈயம் பூசும் ஸ்னவுட், தையற்காரர் ஸ்டார்வெலிங், மரவேலைக்காரர் ஸ்னக் என்று ஆறு தொழிலாளிகள் ஏதென்ஸ் அரசரின் திருமணத்துக்காக ஒரு நாடகம் ஒத்திகை பார்க்கிறார்கள். பாட்டம் எல்லா வேடத்தையும் தானே போடத் துடிப்பார். எந்த ஊர்க் குழுவிலும் அப்படி ஒருவர் உண்டு என்பது நாடகம் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வயலையும் கடையையும் விட்டு வந்து நடித்த கார்ன்வால் மக்கள் அந்தக் காட்சிகளில் தங்களையே நடித்திருப்பார்கள்.

1920களில் இது இந்த ஒரு மூலையில் மட்டும் நடந்த அதிசயம் அல்ல. முதல் உலகப் போர் முடிந்ததும் இங்கிலாந்தின் கிராமங்களில் நாடக ஆசை பெருகியது. போரின்போது கென்ட் பகுதியின் கிரேஃபோர்டில் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஒரு நாடகத்தை மேடையில் வாசித்துக் காட்டியதை ஜெஃப்ரி விட்வொர்த் என்ற பதிப்பகத்துக்காரர் பார்த்தார். சாதாரண மக்களிடம் இருந்த இந்தப் பசி அவரை உலுக்கியது. 1919இல் அவர் தொடங்கிய பிரிட்டிஷ் டிராமா லீக், நாடகப் பிரதிகளை இரவல் கொடுத்தும் போட்டிகள் நடத்தியும் நாடெங்கும் குழுக்களைத் தாங்கியது. 1915 முதல் ஊர்தோறும் பரவிய பெண்கள் சங்கங்களும் நாடகத்தைத் தங்கள் வேலைகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டன. இவற்றோடு ஷேக்ஸ்பியருக்கு இன்னொரு வசதியும் இருந்தது. அவர் இறந்து முந்நூறு ஆண்டுகள் கழிந்துவிட்டதால் யாருக்கும் ஆசிரியர் உரிமைத் தொகை கட்ட வேண்டியதில்லை. உண்டியல் குலுக்கி நாடகம் போடும் ஊருக்கு இது சிறிய விஷயம் அல்ல.

இரண்டு ஆண்டு வெற்றிக்குப் பிறகு குழு அடுத்த நாடகத்தைத் தேர்ந்தெடுத்தது: 'தி டெம்பெஸ்ட்'. தம்பியின் சூழ்ச்சியால் மிலான் நகர ஆட்சியை இழந்த ப்ராஸ்பெரோ, மகள் மிராண்டாவோடு ஒரு தீவில் பன்னிரண்டு ஆண்டுகள் கழிக்கிறார். பகைவர்கள் ஏறிய கப்பல் அந்தப் பக்கம் வரும்போது மந்திரத்தால் புயலை எழுப்பி அவர்களைக் கரைக்குக் கொண்டுவருகிறார். பழிவாங்கும் வாய்ப்பு கையில் வந்தபின் மன்னித்துவிடுகிறார். கதை முழுக்கக் கடல். மரங்கள் சூழ்ந்த கிரீன் புல்வெளியில் இதை எப்படிப் போடுவது?

அப்போதுதான் ரொவீனா கேட் தன் வீட்டுத் தோட்டத்தைக் கொடுத்தார்.

ரொவீனா கேட் கார்ன்வால்காரர் அல்ல. 1893 ஆகஸ்ட் 2 அன்று டெர்பிஷயரின் ஸ்பாண்டனில் பிறந்தவர். தந்தை பருத்தி ஆலை உரிமையாளர். பிறகு குடும்பம் செல்டன்ஹாமுக்குக் குடிபெயர்ந்தது. சிறுமியாக இருந்தபோது அம்மா வீட்டில் போட்ட நாடகத்தில் ஆலிஸாக நடித்திருக்கிறார். வசதியான ஆங்கிலக் குடும்பத்துப் பெண்ணுக்கு வாய்க்கும் அமைதியான வாழ்க்கை முதல் உலகப் போரோடு முடிந்தது. போர்க்காலத்தில் எல்சன்ஹாமில் கில்பி குடும்பத்தின் லாயத்தில் வேலைக்குச் சேர்ந்தார். போர்முனைக்கு அனுப்ப வேண்டிய குதிரைகளைத் தேர்ந்தெடுத்துப் பழக்கும் வேலை. உடலுழைப்பு அவருக்கு அங்கேயே பழகியிருக்க வேண்டும். 1917இல் தந்தை இறந்தார். செல்டன்ஹாம் வீட்டை விற்றார்கள்.

1920களின் தொடக்கத்தில் போர்த்கர்னோவுக்கு மேலே உள்ள மினாக் முனையை ரொவீனா நூறு பவுண்டுக்கு வாங்கினார். அங்கேயே கிடைத்த கருங்கல்லால் தனக்கும் அம்மாவுக்கும் ஒரு வீடு கட்டினார். மணமாகிப் பிரிந்து வந்த தங்கை கேத்தரினும் மகள்களோடு இங்கே வந்து சேர்ந்தார். அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. கேத்தரின் பர்டகின் ஒரு நாவலாசிரியர். நாஜிகள் ஐரோப்பாவை ஆண்டு எழுநூறு ஆண்டுகள் ஆனபின் பெண்களின் நிலை என்ன ஆகியிருக்கும் என்று கற்பனை செய்யும் 'ஸ்வஸ்திகா நைட்' நாவலை, இரண்டாம் உலகப் போர் தொடங்குவதற்கு முன்பே, 1937இல் 'மர்ரே கான்ஸ்டன்டைன்' என்ற ஆண் பெயரில் வெளியிட்டவர். எழுதியது ஒரு பெண்தான் என்ற உண்மை அவர் 1963இல் இறந்து பல ஆண்டுகள் கழித்தே வெளியே வந்தது. அக்கா கல்லில் கட்டியது கண்ணுக்குத் தெரிந்தது. தங்கை எழுதியதற்கு உரிய பெயர் கிடைக்கத்தான் இத்தனை காலம் பிடித்தது.

ரொவீனா கிரீன் நாடகத்துக்கு உடைகள் தைத்துக் கொடுத்தவர். நடிப்பைவிட மேடைக்குப் பின்னால் செய்யும் வேலைதான் அவருக்குப் பிடித்தது. 'தி டெம்பெஸ்ட்' பேச்சு வந்தபோது வீட்டுத் தோட்டத்தின் கீழ்ப்பகுதியைப் பார்த்தார். செங்குத்தாகக் கடலை நோக்கி இறங்கும் ஒரு பள்ளம், அதன் அடியில் மினாக் பாறை, அதற்கப்பால் விரிகுடா. பின்திரை வரைய வேண்டியதே இல்லை. மேடையும் உட்காரும் இடமும்தான் வேண்டும்.

1931-32 குளிர்காலம் முழுவதும் அந்த வேலை நடந்தது. செய்தவர்கள் மூன்று பேர்: ரொவீனா, அவருடைய தோட்டக்காரர் பில்லி ராலிங்ஸ், இன்னொரு உள்ளூர்க் கைவினைஞரான சார்லஸ் தாமஸ் ஆங்கோவ். சரிந்து கிடந்த கருங்கற்களைக் கையாலேயே உடைத்து, அங்குலம் அங்குலமாக நகர்த்தி, மேடைக்கும் கீழ் வரிசை இருக்கைகளுக்கும் வைத்தார்கள். பள்ளத்தை நிரப்ப மண்ணைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்டினார்கள். கார்ன்வாலின் கருங்கல் லேசில் உடையாது. காலடியில் கடல். கால் தவறினால் நேராகத் தண்ணீர்தான். ஆங்கிலேயக் குளிர்காலத்தில் பகல் வெளிச்சமும் சில மணி நேரமே. இந்த மூன்று பேரில் கல்வேலை தெரிந்தவர்கள் ராலிங்ஸும் ஆங்கோவும். வீட்டு எஜமானி அவர்களுக்குக் கையாள், அவர்களிடம் தொழில் கற்றுக்கொண்ட மாணவி.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மினாக் அரங்கத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் 'ஒற்றைப் பெண் தன் கையால் கட்டிய அரங்கம்' என்று தலைப்பிடுகிறார்கள். அந்தத் தலைப்பு பாதி உண்மை. ரொவீனாவின் உழைப்பை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் நாடகத்தை முதலில் நினைத்தது ஊர்க்குழு. கல்லை வெட்டத் தெரிந்தது இரண்டு தொழிலாளர்களுக்கு. நிலமும் அதை வாங்கிய பணமும் ஆலைச் சொத்துள்ள குடும்பத்தின் வாரிசுக்கு இருந்தன. இந்த மூன்றும் ஒரே சரிவில் சந்தித்ததால்தான் மேடை எழுந்தது. அமெச்சூர் நாடகத்தின் வரலாற்றை எழுதும்போது கல் சுமந்தவர்களின் பெயரை விட்டுவிட்டால், அந்த வரலாறு நாடகத்தையே புரிந்துகொள்ளவில்லை என்றுதான் பொருள்.

1932 ஆகஸ்ட் 16. பௌர்ணமியை ஒட்டிய இரவு. நாள் குறித்தவர்களின் கெட்டிக்காரத்தனம் இங்கே தெரிகிறது. முட்புதர்களுக்கு இடையே இறங்கிய ஒற்றையடிப் பாதையில் ரசிகர்கள் தட்டுத்தடுமாறி இறங்கி, புல் படிந்த படிகளில் உட்கார்ந்தார்கள். மேடை வெளிச்சத்துக்கு மூன்று வழிகள் செய்திருந்தார்கள்: பேட்டரிகள், கார்களின் முன்விளக்குகள், மினாக் வீட்டிலிருந்து இழுத்து வந்த பலவீனமான மின்சாரம். நாடகம் நடந்துகொண்டிருக்கும்போது விரிகுடாவின் மேல் நிலா ஏறியது. ப்ராஸ்பெரோவின் தீவுக்குக் கடலும் நிலவும் காற்றும் செலவில்லாமல் கிடைத்தன. லண்டனின் 'தி டைம்ஸ்' பத்திரிகை இந்த ஊர் நாடகத்துக்கு விமர்சனம் எழுதியது.

அந்த மக்களுக்குக் கப்பற்சேதம் ஒரு கதைச் சம்பவம் மட்டும் அல்ல. கார்ன்வாலின் தென்கரைப் பாறைகளில் உடைந்த கப்பல்கள் ஏராளம். ஒவ்வொரு மீனவக் குடும்பத்துக்கும் கடல் கொண்டுபோன ஓர் உறவு இருந்திருக்கும். அப்படிப்பட்டவர்கள் முன்னால் உண்மையான அலைச் சத்தத்தோடு முதல் காட்சியின் புயலை நடிப்பது லண்டன் அரங்கத்தில் தகரத்தை உலுக்கி இடி ஓசை எழுப்புவதிலிருந்து வெகுதூரம். அடுத்த ஆண்டு, 1933இல், 'ட்வெல்ஃப்த் நைட்'. அதுவும் கப்பல் உடைந்து கரையேறிய பெண்ணின் கதைதான். குழு தன் மேடையைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தது. 1937இல் 'ஆன்டனி அண்ட் கிளியோபாட்ரா' வந்தது.

ஒவ்வொரு கோடையும் நாடகம், ஒவ்வொரு குளிர்காலமும் கட்டுமானம். இதுவே அங்கே வழக்கமாயிற்று. ஒரு நாடகத்துக்கென்று கட்டியது நிரந்தர அரங்கமாக மாறிக்கொண்டிருந்தது.

இங்கே சற்று நின்று, பழைய ஒரு கதையைச் சொல்ல வேண்டும். கார்ன்வால் மண்ணுக்குத் திறந்தவெளி நாடகம் புதிதல்ல. இடைக்காலத்தில் இந்த மக்கள் ஆங்கிலத்தோடு நெருங்கிய உறவில்லாத தங்கள் கார்னிஷ் மொழியில் பைபிள் கதைகளை நாள்கணக்கில் நடித்தார்கள். அதற்கென்றே வட்டமாக மண்ணை உயர்த்திப் படிகள் போட்ட ஆடுகளங்கள் இருந்தன. 'ப்ளேன் அன் க்வாரி' என்பது அவற்றின் பெயர். அவற்றில் ஒன்று மினாக்கிலிருந்து கொஞ்ச தூரத்திலுள்ள செயின்ட் ஜஸ்ட் ஊரின் நடுவே இன்றும் இருக்கிறது. இன்னொன்று வடகரையில் பெரன்போர்த் அருகே. அங்கே 1969இல் பிரிஸ்டல் பல்கலைக்கழக நாடகத் துறையினர் 'ஆர்டினாலியா' என்ற பழைய கார்னிஷ் நாடகத் தொகுதியை மீண்டும் நடித்தார்கள். அந்த நாடகங்கள் வழக்கொழிந்தன. மொழியும் 18ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் பேச்சிலிருந்து மறைந்தது. இருபதாம் நூற்றாண்டில்தான் ஆர்வலர்கள் அதற்கு உயிர் கொடுத்தார்கள். வானத்தின் கீழ் படிகளில் உட்கார்ந்து ஊரார் நடிப்பதை ஊரார் பார்க்கும் பழக்கம் மினாக்கில் திரும்பக் கிடைத்தது என்று சொல்வதில் மிகை இல்லை.

1939இல் போர் வந்தது. தந்திக் கம்பிகள் குறுக்கிடும் என்று சொன்னது இந்த இடத்தில்தான். போர்த்கர்னோ விழுந்தால் பிரிட்டன் தன் பேரரசோடு பேசும் வழி அறுந்துபோகும். எதிரி விமானங்களுக்கு அஞ்சி, 1940-41இல் தகரச் சுரங்கத் தொழிலாளர்களை அழைத்து வந்து மலையைக் குடைந்து தந்தி நிலையத்தையே உள்ளே கொண்டுபோனார்கள். கடற்கரையெங்கும் முள்கம்பி. மேடையும் அதற்குள் அடைபட்டது. நாடகம் நின்றது.

ஆனால் போர் முடிவதற்குள்ளேயே அந்த மேடைக்கு ஒரு சினிமா தேடி வந்தது. லெஸ்லி ஆர்லிஸ் இயக்கிய 'லவ் ஸ்டோரி', 1944. சாகப்போகும் பியானோ கலைஞராக மார்கரெட் லாக்வுட், பார்வை இழந்துகொண்டிருக்கும் விமானியாக ஸ்டூவர்ட் கிரேஞ்சர். கதையில் பாட்ரிஷியா ராக் நடித்த பெண் கடலோரத் திறந்தவெளி அரங்கில் 'தி டெம்பெஸ்ட்' நாடகம் போட முயல்கிறாள். மினாக்கின் சொந்தக் கதையே திரைக்கதைக்குள் புகுந்திருந்தது. படப்பிடிப்புக் குழு வந்து இறங்கியது. கார்ன்வால் மழையும் காற்றும் விடவில்லை. கடைசியில் ஸ்டுடியோவில் போலி மினாக் ஒன்றை அமைத்து மிச்சக் காட்சிகளை எடுக்க வேண்டியிருந்தது. ஊர் அமெச்சூர்கள் பொறுத்துக்கொண்ட வானிலையைத் தொழில்முறைக் குழு பொறுக்க முடியவில்லை.

போருக்குப் பின் ரொவீனா ஐம்பதைக் கடந்தவர். நாடகங்கள் மீண்டும் தொடங்கின, கூடவே கட்டுமானமும். கருங்கல்லை வெட்டி நகர்த்த நேரமும் ஆளும் போதவில்லை. அதனால் கான்கிரீட்டுக்கு மாறினார். சிமெண்ட் விலைக்கு வாங்கியாக வேண்டும். மணலுக்கோ, கீழே கடற்கரை இருக்கிறதே. மூட்டையில் அள்ளி, செங்குத்துப் பாதையில் முதுகில் சுமந்து மேலே கொண்டுவந்தார். மணல் சுமக்கும் அந்தப் பாதையைப் பிறகு தொண்ணூறு படிகளாக்கினார். மேலிருந்து ரசிகர்கள் வர ஒரு சாலை, கார் நிறுத்த இடம் என்று வேலை நீண்டுகொண்டே போனது.

கான்கிரீட் என்றதும் மொட்டையான சாம்பல் நிறப் பலகைகளை நினைக்க வேண்டாம். இறுகுவதற்கு முன் ஈரமாக இருக்கும்போதே ஒரு பழைய திருப்புளியின் முனையால் அதில் கெல்ட்டியக் கோலங்களை வரைந்தார். இருக்கைகளின் முதுகுப் பக்கத்தில் அங்கே நடந்த நாடகங்களின் பெயரையும் ஆண்டையும் செதுக்கினார். இன்று அரங்கத்தில் போய் உட்காருபவர் முன்வரிசையைப் பார்த்தாலே போதும், அரங்கத்தின் வரலாற்றை வாசித்துவிடலாம். அமெச்சூர் குழுக்களின் வரலாறு பொதுவாக மடித்துவைத்த நிகழ்ச்சி நிரல்களோடு அழிந்துபோகும். எத்தனையோ ஊர்க் குழுக்கள் என்ன நாடகம் போட்டன என்பதற்கே இன்று சான்றில்லை. இந்த அம்மையார் தன் குழுக்களின் நாடகப் பட்டியலை இருக்கைகளிலேயே எழுதி வைத்துவிட்டார்.

நடிகர்களுக்கு உடை மாற்ற அறை வந்தது 1955இல்தான். அதற்கு முன்பு இருபது ஆண்டுகளுக்கு மேல், பாறை மறைவும் வீட்டு அறைகளுமே அவர்களுக்கு ஒதுங்கும் இடம். அந்த அறைகளோடு சேர்த்து ஊரில் இன்றும் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. ஒரு ஸ்பானியச் சரக்குக் கப்பல் உடைந்து, பதினைந்து அடி நீள உத்தரங்கள் பன்னிரண்டு கரையொதுங்கினவாம். அவற்றை ரொவீனா ஒற்றை ஆளாக மேலே இழுத்து வந்துவிட்டார். ஒதுங்கிய சரக்கைத் தேடி அதிகாரிகள் வந்து விசாரித்தார்கள். 'ஆமாம், காலையில் கொஞ்சம் மரம் தூக்கிவந்தேன், பார்க்கிறீர்களா?' என்று அவர் உண்மையையே சொன்னார். ஒல்லியான அந்த வயதான பெண்மணியைப் பார்த்துவிட்டு, இவர் சொல்வது ஏதோ சுள்ளி விறகாக இருக்கும் என்று அவர்கள் திரும்பிப் போனார்களாம். அந்த உத்தரங்கள் உடை மாற்றும் அறைக்குப் போய்ச் சேர்ந்தன. சொல்லிச் சொல்லி மெருகேறிய கதையாக இருக்கலாம். ஆனால் அவரை நேரில் பார்த்த தலைமுறை இதை நம்பத் தயாராக இருந்தது என்பதே அவருடைய உழைப்புக்குச் சான்று.

பில்லி ராலிங்ஸ் 1966இல் இறந்தார். முதல் கல்லிலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரொவீனாவோடு சேர்ந்து அந்தச் சரிவில் வேலை செய்தவர். மேடைக்குப் பின்புறம் நுழையும் இடத்தில் உள்ள ஒரு கருங்கல் இருக்கையே அவருடைய நினைவுச் சின்னம். வேடம் கட்டி வரும் எந்த நடிகரும் அவரைக் கடந்துதான் மேடைக்குப் போகிறார்.

ராலிங்ஸ் போனபின்னும் ரொவீனா நிறுத்தவில்லை. எண்பது வயதைத் தாண்டியும் குளிர்காலங்களில் தள்ளுவண்டியோடு வேலை செய்தார். முதுமையில் அந்தத் தள்ளுவண்டிக்குள்ளேயே சாய்ந்து உட்கார்ந்திருக்கும் அவருடைய புகைப்படம் பிரசித்தம். இத்தனைக்கும் இது அவருக்குப் பணம் தந்த தொழில் அல்ல. கைப்பணம்தான் கரைந்தது. 1976இல் அரங்கம் ஓர் அறக்கட்டளையின் பொறுப்புக்கு வந்தது. தன் பெயரில் இருந்த சொத்தை ஊர்ப் பொதுவாக்கிவிட்டுப் போன இந்த முடிவு, கல் சுமந்ததற்குச் சற்றும் குறையாத செயல் என்பேன். தனி மனிதர்களின் ஆர்வத்தில் எழுந்த எத்தனையோ சிறு அரங்கங்கள் அவர்கள் மறைந்ததும் விற்பனைக்கு வந்திருக்கின்றன. மினாக் பிழைத்தது. ரொவீனா கேட் 1983 மார்ச் 26 அன்று, 89ஆம் வயதில் காலமானார். மழை பெய்தால் அரங்கத்துக்கு எப்படிக் கூரை போடலாம் என்று யோசித்து வரைந்த படங்களையும் விட்டுச் சென்றார். இன்றுவரை கூரை போடவில்லை.

கூரை இல்லாமல் எப்படி நடக்கிறது? எளிய விதிகள்தான். தூறலுக்கு நாடகம் நிற்காது. நடிகர்களுக்கு ஆபத்து என்ற அளவுக்குக் காற்றும் மழையும் வலுத்தால் மட்டுமே ரத்து. குடை விரிக்கக் கூடாது, பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். மழைக்கோட்டும் போர்வையும் மெத்தையும் கொண்டு வரலாம். சுமார் 750 பேர் உட்காரலாம். நாடகத்தின் நடுவே டால்ஃபின்கள் கடந்து போனால் நடிகர் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நாடகப் பருவம் வசந்தத்தில் தொடங்கி செப்டம்பர் வரை ஓடும். பிரிட்டனின் பல மூலைகளிலிருந்தும் குழுக்கள் ஆளுக்கொரு வாரமாக வந்து நடித்துவிட்டுப் போகின்றன. தொழில்முறைக் குழுக்களும் வருகின்றன. ஆயினும் அரங்கத்தை இத்தனை ஆண்டு தாங்கி நின்றவை அமெச்சூர் குழுக்களும் பள்ளி, பல்கலைக்கழக மாணவர் குழுக்களும்தான். ஆசிரியர், செவிலியர், வங்கி ஊழியர் என்று பிழைப்புக்கு வேறு வேலை பார்ப்பவர்கள் ஆண்டு விடுப்பை இதற்கென்று சேர்த்து வைத்து வருகிறார்கள். காற்றில் பறக்காத மேடைப் பொருள்களைத்தான் கொண்டுவர முடியும். அலையை மீறிக் குரல் எழ வேண்டும். பகல் காட்சியில் வெயிலுக்குக் கண் கூசும், இரவுக் காட்சியில் விரல் விறைக்கும். ஒத்திகை அறையில் கற்றது பாதிதான் இங்கே உதவும். மீதியை அந்த வாரத்துக்குள் மேடையே கற்றுக்கொடுத்துவிடும் என்பதால்தான் ஒருமுறை வந்த குழுக்கள் திரும்பத் திரும்ப இடம் கேட்கின்றன.

அரங்கத்தின் எழுபத்தைந்தாம் ஆண்டு 2007இல் வந்தது. ஆகஸ்டில் அதே 'தி டெம்பெஸ்ட்' மறுபடியும் மேடையேறியது. நடித்தவர்கள் வின்செஸ்டர் கல்லூரிக் குழுவினர். விழா நாளில் பெரிய நட்சத்திரங்களை அழைத்திருக்கலாம். ஒரு கல்விக்கூடக் குழுவின் கையில் மேடையைக் கொடுத்ததுதான் அந்த இடத்தின் மரபுக்கு நியாயம்.

இப்போது நாடகம் இல்லாத நேரத்திலும் அரங்கத்தைப் பார்க்க ஆண்டுக்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். சரிவெங்கும் கற்றாழைகளும் வெப்பநாட்டுச் செடிகளும் நட்ட தோட்டம். ரொவீனாவின் வாழ்க்கையைச் சொல்லும் ஒரு கண்காட்சிக் கூடமும் இருக்கிறது. கார்ன்வாலுக்குப் போகும் தமிழ் வாசகர்கள் பகலில் நுழைவுச்சீட்டு வாங்கிப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட வேண்டாம். ஏதாவது ஓர் ஊர்க் குழுவின் நாடகம் நடக்கும் மாலையாகப் பார்த்து, ஒரு போர்வையோடு போய் உட்காருங்கள். அந்தப் படிகள் அதற்காகத்தான் கட்டப்பட்டன.

அடுத்த பகுதியில் நார்விச் நகரம்: 1921இல் நியூஜென்ட் மங்க் ஒரு பழைய கட்டடத்தை ஷேக்ஸ்பியர் கால அரங்கமாக மாற்றி, நடிகர் பெயரையே விளம்பரத்தில் போடாமல் நடத்திய மேடர்மார்க்கெட் அரங்கம்.